அந்த டிக்கெட்டை மூடினது யார்?



போன கிழமை லண்டனில் என்ர வேலைத்தலத்தில ஒரு டிக்கெட் தானாகவே மூடுப்பட்டது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவு வேலை செய்கிற ஒரு பெண்ணின் முறைப்பாடு அது. கணக்கு பூட்டுப்பட்டதால் வேலை நேரத்தைப் பதிய முடியவில்லை என்று போன் எடுத்துச் சொல்லியிருந்தார். நான் ஒரு விவரம் கேட்டேன். கேள்வி போய்ச் சேர்ந்தது, அவரால் திறக்க முடியாத அதே கணக்கின் மின்னஞ்சலுக்கு. ஐந்து நாள் பதில் இல்லை. ரூல் ஓடியது. "தீர்க்கப்பட்டது" என்று பச்சை விழுந்தது. அவருக்கு அந்த மாதச் சம்பளம் குறைந்தது. எங்கட டீமின் கணக்கில் அது ஒரு வெற்றி.

உங்களில் கனபேர் ஐடியில்தான் இருக்கிறீர்கள். ஜிராவில் இப்படி ஒரு ரூல் போடுவது எவ்வளவு லேசு எண்டு தெரியும். இது நடந்தால், இந்த நிபந்தனை பொருந்தினால், இதைச் செய். கோட் மெர்ஜ் ஆனதும் கார்டு "முடிந்தது" பக்கம் போய்விடும். கார்டு இழுக்கிற வேலை மிச்சம். அதோட எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் "முடிந்தது" என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர் யார்? டிக்கெட்டின் வரலாற்றைத் திறந்து பாருங்கோ. வேறு ஆளை நியமிக்காவிட்டால், மாற்றியவர் பெயர் "ஆட்டோமேஷன் ஃபார் ஜிரா" என்று நிற்கும். ரூலைப் போடச் சொன்ன மேலாளரின் பெயர் அந்த வரியில் இல்லை. ரூலை மாற்றும் அதிகாரம் நிர்வாக அனுமதி உள்ளவர்களிடம். டிக்கெட்டோடு மல்லுக்கட்டுகிற எங்களுக்கோ நேர முத்திரை மட்டும்தான் மிச்சம். யார் எத்தனை நாள் எடுத்தார் என்ற அறிக்கை அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தச் சண்டை புதிசில்லை. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் அரச ஆயுதத் தொழிற்சாலையில், டெய்லரின் முறைப்படி நிறுத்தற்கடிகாரத்தோடு ஆள் வந்து நின்றபோது வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். போராட்டம் காங்கிரஸ் வரை போனது. அரச ஆயுதச் சாலைகளில் இப்படி நேரம் அளக்க நிதி கிடையாது என்று 1915இல் சட்டத்திலேயே எழுதவைத்தார்கள். ஜெர்மனியில் இருக்கிற தோழர்களின் கையில் இன்றைக்கும் ஒரு ஆயுதம் இருக்கிறது: வேலைத்தல அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. தொழிலாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவியை, தொழிலாளர் மன்றம் உள்ள இடத்தில் நிர்வாகம் தன்பாட்டுக்குப் புகுத்த முடியாது.

இனி எங்கட வீட்டுக்குள்ள வாறன். எங்கட அகதி உதவிக் குழுவின் போர்டில் "14 நாள் பதில் இல்லாவிட்டால் மூடு" என்ற ரூலைப் போட்டது எந்த முதலாளி? நாங்கள்தான். தடுப்பு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு மாற்றப்பட்டு, போன் நம்பரும் இல்லாமல் போனவருக்கு 14 நாள் என்ன கணக்கு? தொண்டர்கள் களைத்துப்போனார்கள் என்பது உண்மை. அதுக்குக் கூடுதல் ஆள் தேடவேணும். ஆளைப் பட்டியலிலிருந்து அழிக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயத்தை முடிவெடுப்பம். ஒன்று, ஒரு மனிதரின் தேவை தொங்கிக்கொண்டிருக்கிற டிக்கெட்டை ரூல் மூடக் கூடாது. அது நினைவூட்டட்டும், மூடுவது ஒரு ஆள். இரண்டு, ஒவ்வொரு ரூலுக்கும் பொறுப்பானவரின் பெயர் வெளிப்படையாக இருக்கவேணும். அதை நிறுத்துகிற உரிமை வேலை செய்பவரிடம் இருக்கவேணும். மூன்று, இந்த நேர முத்திரைகளை வைத்துத் தனியாளை மதிப்பிடக் கூடாது என்பதை அவரவர் தொழிற்சங்கத்தின் கோரிக்கைகளில் சேர்ப்பிக்கவேணும்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கட போர்டில் ஓடுகிற ரூல்களை எண்ணுங்கோ. ஒவ்வொன்றையும் யார் போடச் சொன்னது எண்டு கேளுங்கோ. பதில் வரும்வரை அந்தக் கேள்வியை மூடாதேங்கோ.