கலியாணக் கார்

மோட்டார்ப் பித்து என்பது பணமுள்ளவர்களுக்கு மட்டும் வருகின்ற நோயன்று. சைக்கிளைத் தவிர வேறு வாகனம் எதுவும் இல்லாதவனையும் அது பிடித்துக்கொள்ளும். தெருவிலே போகும் காரைக் கண்ணாற் பாராமல், அதன் சத்தத்தைக் கொண்டே இன்ன கார் என்று சொல்லும் மனிதர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

ஆயினும், றோல்ஸ் றோய்ஸ் கார் ஒன்றின் சாரதி ஆசனத்தில் ஒருநாள் அமர்வேன் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. 2019 ஆம் ஆண்டு ஆவணி மாதம், மகளைப் பார்ப்பதற்காக லண்டன் மாநகருக்குச் சென்றிருந்தபோது அந்தப் பேறு வாய்த்தது. அதை அளித்தவர் பெருஞ் செல்வரல்லர். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர். ஹறோப் பகுதியிலே கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அங்குள்ள நம்மவர் பலருக்கு, மணமகள் மண்டப வாயிலில் றோல்ஸ் றோய்ஸ் காரில் வந்து இறங்க வேண்டும் என்பது ஒரு பேராசை. நண்பர் 2006 ஆம் ஆண்டின் பாந்தம் ஒன்றைக் கடன்பட்டுப் பழையதாக வாங்கி, வார இறுதிகளில் அந்த ஆசையை நிறைவேற்றி வருகிறார். தோலாசனத்தின் தையல்களுக்குள் புகுந்துவிடும் அறுகரிசியைத் திங்கட்கிழமைகளில் ஊசியாற் பொறுக்கி எடுப்பதுதான் அவருக்குள்ள பெரிய துன்பமாம்.

இலங்கைச் சாரதி அனுமதிப் பத்திரம் உள்ள வருகையாளர் ஓராண்டு வரை அங்கே கார் ஓட்டலாம். காப்புறுதிதான் சிக்கல். நண்பர் எப்படியோ ஒரு நாளைக்கு மட்டும் என் பெயரையும் அதிற் சேர்த்துவிட்டார். “மச்சான், திங்கட்கிழமை வா. ஒருக்கா ஓடிப் பார்,” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

நான் கார் பழகிய கதையை இங்கே சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் ஐயா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். அவருடையது ஒஸ்டின் ஏ 40 சொமர்செற். 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை. நான்கு உருளைகள், 1,200 கன சென்ரிமீற்றர், 42 குதிரை வலு. அறுபது மைல் வேகத்தை எட்டுவதற்கு அதற்கு அரை நிமிடத்துக்கு மேற் செல்லும். நம் தெருக்களில் அந்த வேகம் எதற்கு?

1990 ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இளைய வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே, காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மாற்றும் தருணத்தைக் காட்ட எந்த மானியும் கிடையாது. காதுதான் மானி. சற்று முந்தினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். பிந்தினாலோ, பல நாட் கூலிக்குச் சமமான பெற்றோல் வீணாய்ப் போகும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் முறைகேடாக வெடித்துத் தட்டவும் செய்யும். ஒஸ்டின் தன் உருளைக்குள் கலவையை ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். அதனால் அந்தத் தண்டனையைப் பொறுத்துக்கொண்டது. அதைவிட இறுக அமுக்கும் புதிய கார்கள் பல பொறுக்கமாட்டாமற் கொட்டில்களிற் கிடந்தன.

நான் பானற்றின் மேற் குனிந்து நிற்பேன். ஐயா நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைத் தம் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பார். பின்பு அதை என் காதில் வைப்பார். “என்ன சொல்லுது?” என்பார். நான் விடை சொல்லும் வரைக்கும் விடமாட்டார்.

இப்படி வளர்ந்தவன் திங்கட்கிழமை காலை பாந்தத்தின் முன்னே போய் நின்றேன்.

பெரிய கார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இத்துணைப் பெரிதென்று நினைக்கவில்லை. நீளம் 19 அடி. நிறை இரண்டரைத் தொன். பன்னிரண்டு உருளைகள் கொண்ட 6.75 லீற்றர் எஞ்சின். ஐந்து ஒஸ்டின்களை விழுங்கிய பின்பும் அதில் இடம் மிஞ்சும். பின்கதவுகள் பழைய வண்டிகளைப்போல் எதிர்ப்புறமாகத் திறக்கின்றன. உள்ளே இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினாற் கதவு தானே சாத்திக்கொள்ளும். சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் அதன் நடுவிலுள்ள எழுத்துகள் மட்டும் சுழலாமல் நிமிர்ந்தே நிற்கும். இந்த வித்தைகளையெல்லாம் நண்பர் பெருமையோடு காட்டினார். எனக்கோ பானற்றைத் திறந்து பார்க்க ஆசை. திறந்தார். எஞ்சின் எங்கே? மேலே ஒரு நேர்த்தியான மூடி, அவ்வளவுதான். திருப்புளி ஊன்றுவதற்கு ஓர் இடம் இல்லை.

ஆசனத்தில் அமர்ந்து பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். நண்பர் சிரித்தார். எஞ்சின் முதல் முறையே இயங்கிவிட்டதாம். நான்தான் இரண்டாம் முறை அழுத்தி அதை அணைத்துவிட்டேன்!

ஹறோவின் குறுந்தெருக்களில் இரு மருங்கும் கார்கள் நின்றன. ஆறரை அடி அகலமான இந்த மாளிகையை அவற்றின் நடுவே செலுத்தியபோது என் உள்ளங்கை வியர்த்தது. அமர்ஷம் நகரை நோக்கிச் செல்லும் சாலையில் ஏறிய பின்புதான் மூச்சு வந்தது. சுக்கான் சில்லு பெரியது, விளிம்பு மெல்லியது. இரண்டு விரலாலே திருப்பலாம். தெருவிலுள்ள பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகின்றது என்று காட்டும் மானி இந்தக் காரில் இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சினின் வலுவில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை நூற்றுவீதத்திற் காட்டும் ஒரு முள் உண்டு. சில்ற்றேண் குன்றுகளின் ஏற்றத்திலும் அது தொண்ணூறை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றது. ஓரிடத்தில் துணிந்து மிதித்தேன். முன்பக்கம் சற்றே நிமிர, மரங்கள் பின்னோக்கி ஓடின. அறுபது மைலுக்கு இதற்கு ஆறு விநாடியும் வேண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கார் என்னோடு பேசவில்லை. ஏறும்போது முனகவில்லை, கியர் மாறுவதை அறிவிக்கவில்லை. பின்னாசனத்தில் இருப்பவனுக்குத்தான் இது சொர்க்கம். ஓட்டுகிறவன் மெய்யாகவே சம்பளத்துக்கு வந்தவன்தான். 1958 இல் டேவிட் ஒகில்வி என்பவர் எழுதிய புகழ்பெற்ற விளம்பரம் ஒன்று, அறுபது மைல் வேகத்திலும் இந்தக் காரில் உரக்கக் கேட்பது கடிகாரத்தின் ஓசையே என்று கூறியது. அப்படியானால் என்னைப் போன்ற பித்தனுக்கு இதில் என்ன வேலை?

ஆனால் ஹென்றி றோய்ஸின் நினைவு வந்தது. 1863 இற் பிறந்த அவர் வறுமையில் வளர்ந்தவர். சிறு வயதிலே பத்திரிகை விற்றவர். பணமின்மையால் றெயில்வேப் பட்டறைப் பயிற்சியை இடையில் விட்டவர். பின்னர் மன்செஸ்ரரில் மின்பொறிகள் செய்யும் தொழில் நடத்தியபோது, பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் குறைகள் அவருக்குப் பொறுக்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார். 1904 இல் தாமே கார் செய்தார். இரண்டு உருளை எஞ்சின் என்றாலே முகம் சுளிக்கும் சாள்ஸ் றோல்ஸ் என்னும் பிரபு குலத்து இளைஞர், அந்த ஆண்டு மே மாதம் அதில் ஏறி, அதன் அமைதியைக் கண்டு மயங்கிப் போனார். ஆக, இந்த அமைதியைத் தொடக்கிவைத்தவர் சத்தம் கேளாதவர் அல்லர். மற்றவர்கள் பொறுத்துக்கொண்ட சத்தங்களையும் கேட்டு வருந்திய ஒரு தொழிலாளி. ஐயாவை அவர் கராஜுக்கு அனுப்பியிருந்தால் இருவரும் பொழுது சாயும்வரை பேசாமல் நின்றே கேட்டிருப்பார்கள்.

இப்படி எண்ணிக்கொண்டு ஒரு வளைவில் இடப்புறம் திரும்பினேன். ‘ணிங்’ என்றது.

“கேட்டதா?” என்றேன். “என்னத்தை?” என்றார் நண்பர். அடுத்த வளைவில் மீண்டும். அவர் காதில் அது விழவேயில்லை. ஐயா சொல்லித்தந்த கணக்கு இது: எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் எஞ்சின், எஞ்சினைத் தளர்த்தியும் ஓட்டத்தோடு மாறினாற் சக்கரம், திரும்பும்போது மட்டும் கேட்டால், எங்கோ ஒன்று கழன்று உருள்கிறது. ஒஸ்டினில் இந்தச் சிற்றொலி கேட்டிருக்கவே மாட்டாது. இந்தக் காரிலோ அது கோயில் மணி!

ஓர் ஒதுக்குப்புறத்தில் நிறுத்தி, றோல்ஸ் றோய்ஸின் கம்பளத்தில் இருவரும் முழந்தாளிட்டுத் தேடினோம். முன்னாசனத்துக்கு அடியில், ஆசனம் நகரும் இரும்புத் தண்டின் ஓரத்தில், பெருவிரலளவு வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று கிடந்தது. நண்பரின் முகம் மாறியது. சனிக்கிழமை மணமகளுடைய தாயார் அதற்காக இரண்டு முறை தொலைபேசியில் அழைத்திருந்தாராம். அது அவருடைய தாயாரின் சிமிழ். இடம்பெயர்ந்து வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்தவை இரண்டு மூன்றுதான், அவற்றில் ஒன்று. “காரில் இல்லை அக்கா, வடிவாய்ப் பாத்திட்டன்” என்று இவர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் மண்டபத்து வேலையாட்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தாராம்.

நண்பர் தெருவோரத்தில் நின்றபடியே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் எழுந்த அழுகை எனக்கும் கேட்டது.

பாந்தத்தை மீண்டும் கொட்டிலில் விட்டபின், சிமிழைக் கொடுத்துவர நண்பரின் பழைய வானிற் புறப்பட்டோம். பாந்தம் ஒரு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றருக்குச் சற்றே மேல்தான் ஓடும். அதை வீண் பயணங்களுக்கு எடுக்க அவருக்குக் கட்டாது. அரை மைல் போவதற்குள் என் காது விழித்துக்கொண்டது. முன்சக்கரம் ஒன்று உறுமியது. எஞ்சினைத் தளர்த்தியபோதும் குறையவில்லை. “மச்சான், இடப்பக்கத்துப் பெயரிங் போட்டுது,” என்றேன்.

அன்று மாலை இருட்டும் வரை, கையெல்லாம் கிறீசாக, நான் அந்த வானின் கீழே கிடந்தேன்.