புற்றரையின் பச்சைப் பொய்

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரான்சு தேசம் வரட்சியால் வாடிற்று. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் குடிநீர் அற்றுப்போக, பவுசர் வண்டிகளில் நீர் அனுப்பப்பட்டது. வீட்டுத் தோட்டத்துக்கு நீரூற்றுவதும் பல மாவட்டங்களில் தடுக்கப்பட்டது. ஆனால் கோல்ப் மைதானங்களில், குழியைச் சூழ்ந்த ‘கிறீன்’ என்னும் புற்றரைக்கு மட்டும் இரவில் அளவாக நீர் பாய்ச்ச விலக்கு அளித்தார்கள். நெல்லுக்குப் பின்னரே புல் என்று வாழ்ந்த நமக்கு இஃது விந்தையன்றோ? சினங்கொண்ட சிலர் துலூஸ் நகரருகே மைதானக் குழிகளைச் சீமெந்தால் அடைத்தனர். சட்டம் பயின்றவன், பிறர் உடைமையைக் கெடுத்த அச்செயலுக்குப் பரிந்து பேசேன். ஆயினும் விலக்குக் கேட்டோரின் வழக்கை விசாரியாது விடவும் மாட்டேன்.

நீரின்றேல் கிறீன் சில நாளில் மடியும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. கிறீனில் வளரும் பென்ட் புல் குளிர்நாட்டுக்குரியது; ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒட்டக் கத்தரிக்கப்படுவது. மண்ணின் வெப்பம் 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போதே அதன் வேர் செழிக்கும். 30 பாகையைத் தாண்டின் வேர் குன்றும். ஆனால் பதினெட்டுக் குழி மைதானமொன்றில் கிறீன்கள் யாவும் சேர்ந்து இரண்டு மூன்று ஏக்கர்தான். அதன் உயிரைக் காக்கச் சிறிது நீர் கேட்பது வேறு. அதனைப்போற் பத்து மடங்கான ஓடுதரையையும் வசந்தகால நிறத்தில் வைத்திருக்க நீர் கேட்பது வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதற்கும் இடம் தேடும் வாதத்தை எந்த நியாயசபையும் ஏற்கலாகாது.

மேலும், நீர் மிகுந்தால் புல் நலமுறும் என்பதே பொய். கமக்காரருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. நாள்தோறும் மேலாக நனைத்த பயிரின் வேர் ஆழம் செல்லாது. ஈரம் ததும்பும் மண்ணிற் காற்றுப் புகாது. புழுக்கமான இரவில் நனைந்து கிடக்கும் புற்றரையைப் பிதியம் என்னும் அழுகல் நோய் விடிவதற்குள் கரித்துவிடும். தொழில் தெரிந்த மைதானக் காப்பாளர் கோடையில் வெட்டும் அலகைச் சற்று உயர்த்துகிறார், சில நாள் வெட்டாது உருளை மட்டும் உருட்டுகிறார், தழையுரத்தைக் குறைக்கிறார், மண்ணிற் கோல் செருகி ஈரத்தை அளந்து, காய்ந்த திட்டுக்கு மட்டும் கைக்குழாயால் நீர் விடுகிறார். உச்சிவெயிலில் இலை குளிர மெல்லிய தூவல் போதும். ஓடுதரை பழுப்பதைப் பார்த்து அவர் அஞ்சுவதில்லை. அஞ்சுபவர் சந்தா செலுத்தும் கனவான்களே!

இப்பச்சைப் பித்து எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஓகஸ்டா மைதானத்தை ஏப்பிரல் மாதத் தொலைக்காட்சியிற் கண்டு மயங்கியதால் வந்தது. அந்த ஓகஸ்டாவோ மே மாத இறுதி முதல் ஒக்டோபர் வரை மூடிக் கிடப்பது! கோடையில் ஆட்டமே இல்லாத மைதானத்தைக் கோடைக்கு இலக்கணமாகக் கொண்டது எவ்வளவு பேதைமை.

எதிர்ச்சாட்சிகளையும் அழைப்போம். 2006இல் இங்கிலாந்தின் ஹொய்லேக் மைதானம் வைக்கோல் நிறத்திற் கிடந்தது. அதிலேதான் டைகர் வூட்ஸ் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்றார். பைன்ஹேர்ஸ்டின் இரண்டாம் மைதானத்தில் 2010 முதல் 2011 வரை சுமார் 35 ஏக்கர் புல்லை அகற்றி மணலாக்கினர். 1,150 அளவிலிருந்த நீர்த்தெளிப்பான்கள் 450 அளவாகக் குறைந்தன. 2014இல் ஆடவர், மகளிர் இருசாராரின் அமெரிக்க ஓப்பன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. ஆட்டம் எதனால் கெட்டது?

வெப்பத்துக்கென்றே பிறந்த புல்லும் உண்டு. அவர்கள் பெர்மியூடா என்று விலை கொடுத்து வாங்குவது, நாம் வரம்பிற் பிடுங்கி எறியும் அறுகின் இனமே. 27 முதல் 35 பாகை வெப்பத்தில் அது செழிக்கும். பென்ட் புல்லிலும் குறைந்த நீரே கேட்கும். தென் பிரான்சின் ஓடுதரைகளுக்கு அது போதாதா? குளிர்காலத்திற் பழுத்துவிடும் என்பது அதன்மேற் சாட்டப்படும் குற்றம். மீண்டும் நிறந்தான்!

அடுத்த வரட்சியில் விலக்குக் கேட்டு வரும் கழகம், தன் மண்ணின் ஈரத்தை அளந்த நாட்குறிப்பை முதலில் அதிகாரிகள் முன் வைக்கட்டும். எத்தனை ஏக்கரைப் பழுக்க விட்டிருக்கிறது என்பதையும் எழுத்திற் காட்டட்டும். பவுசருக்குக் காத்திருக்கும் ஊரவரின் முன்னிலையில் அம்மனு விசாரிக்கப்படட்டும்.