படம் பிடிக்கு முன் பாருங்கள்



பாடசாலை விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்து வந்துவிட்டால் நமது ஊர்களில் வாடகைக்கு வேன் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. ஒரு காலத்தில் குடும்பப் பயணம் என்றால் உறவினர் வீடும் கல்யாண வீடும்தான். இப்போது உம்மா, வாப்பா, பிள்ளைகள் என எல்லோரும் மலையையும் அருவியையும் பார்க்கப் புறப்படுகிறார்கள். இதை வீண் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்போரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்கிப் பார்வையைத் திருப்பும்படி அல்குர்ஆனின் அல்ஙாஷியா அத்தியாயம் மனிதனை அழைக்கிறது. இயற்கைக் காட்சியைப் படமெடுப்பதற்கும் தடையில்லை. படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மற்றப் படங்கள் பற்றிய பிக்ஹுச் சர்ச்சையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நான் பேச வந்தது வேறொன்று. படம் எடுக்கும் அவசரத்தில் பார்ப்பதற்குப் போன நாம் பார்க்காமலே திரும்புகிறோம். போதாததற்கு, பிறருடைய ஹக்கையும் மிதித்துவிட்டு வருகிறோம்.

ஹோட்டன் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல் உயரம். அங்குள்ள ‘உலக முடிவு’ எனும் செங்குத்துப் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 870 மீற்றர். காலை ஒன்பது, பத்து மணியானதும் பெரும்பாலும் கீழிருந்து மேகம் ஏறிப் பள்ளத்தை மூடிவிடும். ஆகவே நுவரெலியாவிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும். வழியில் சுபஹுத் தொழுகைக்கு எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வேனுக்குள் தூங்கிக்கொண்டே அதைக் கழாவாக்கிவிட்டு, அல்லாஹ்வின் படைப்பை வியக்கப் போவது வேடிக்கைதான்!

அவ்வளவு சிரமப்பட்டுப் போய் அங்கே என்ன செய்கிறோம்? பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம்! வாப்பா கையடக்கத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, “சிரி, இந்தப் பக்கம் திரும்பு” என்று கட்டளையிடுகிறார். சின்னவன் அழுகிறான். உம்மாவோ சோற்றுப் பொதிப் பையைக் காத்துக்கொண்டு ஓரமாய் நிற்கிறாள். பத்து நிமிடத்தில் மேகம் வந்துவிடுகிறது. பிலிம் சுருளில் 36 படம் மட்டுமே இருந்த காலத்தில் ஒவ்வொன்றுக்கும் யோசித்தோம். இன்று கணக்கில்லை, யோசனையும் இல்லை.

எனவே ஓரிடத்துக்குப் போனதும் முதல் கால் மணி நேரம் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக் கேளுங்கள்: மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? எத்தனை பறவைகளின் குரல் கேட்கிறது? பாசி படிந்த மரத்தண்டுகளை ஆறுதலாகப் பார்த்தால் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் கண்ணில் படக்கூடும். இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி அது. ஓடிக்கொண்டு படமெடுப்பவருக்கு அது தென்படாது. பார்த்து முடித்த பின்பு எடுக்கும் படம் தானாகவே நன்றாக அமையும். எதை எடுக்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விளிம்பில் நின்று பின்னோக்கி அடியெடுத்து வைப்பதை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். 2015இல் தேனிலவுக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் உலக முடிவில் மனைவியைப் படமெடுக்கப் பின்வாங்கித் தவறி விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் பிழைத்தார். எல்லோருக்கும் அங்கே ஒரு மரம் காத்திருக்காது.

வாகனத் தரிப்பிடத்துக்கு வரும் மரைகளையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று படமெடுக்கலாம் என்பதற்காக பிஸ்கட்டையும் பாணையும் நீட்டுகிறார்கள். மரை புல்லும் இலையும் தின்னும் பிராணி. நம் கையிலிருந்து தின்னப் பழகினால் உணவு சுற்றிய பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகிறது. இதனால் மரைகள் இறந்திருக்கின்றன. நுழைவாயிலில் பைகளைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடும் உத்தியோகத்தர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். புரியாணியை லன்ச் ஷீற்றில் கட்டாமல் வீட்டிலிருந்தே பாத்திரத்தில் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை.

இவற்றையெல்லாம்விட என் மனதை உறுத்துவது தேயிலைத் தோட்டம். மலைநாட்டுப் பாதையில் வேனை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களை நோக்கி எல்லோரும் தொலைபேசியைத் தூக்குகிறோம். அவர்களும் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதி என்பது நமது நினைப்பு. அந்தச் சகோதரிக்கு இன்றைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. காலில் அட்டை, தலையில் கூடைக்கயிறு. நம் மனைவியையோ மகளையோ வீதியில் அந்நியன் ஒருவன் படமெடுத்தால் வேனை விட்டிறங்கி அடிக்கப் போவோம். அவளுக்கும் மானமில்லையா? அவளுக்கும் கணவனும் சகோதரனும் இல்லையா? ஓர் அடியானின் ஹக்கில் கை வைத்தால் அவனிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று மிம்பரில் கேட்கிறோமே, அது முஸ்லிமுக்கு மட்டுமுரிய சட்டமா? கேட்டு, அவள் சம்மதித்தால் எடுங்கள். வேண்டாமென்று தலையசைத்தால் தொலைபேசியைத் தாழ்த்திவிடுங்கள். வாய் திறந்து பேசுவதில் என்ன சிரமம்? அவள் பேசுவதும் நாம் பேசும் தமிழ்தானே!

அதே நியாயம் சொந்த வீட்டுக்கும் பொருந்தும். மச்சினி அருவியில் கால் நனைத்த படத்தை, அவளைக் கேட்காமலே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவிலிருந்து அது எங்கெங்கு போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

வீடு திரும்பியதும் இன்னொன்று செய்யலாம். நூற்றுக்கணக்கான படங்களில் பத்தைப் பிள்ளைகளைக் கொண்டே தெரிந்தெடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிடுங்கள். முழங்கால் வலியால் வர முடியாமல் வீட்டிலிருந்த உம்மும்மாவிடம் சின்னவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அங்கே குளிர் எப்படி, மேகம் கைக்கு எட்டியதா, மரையின் கொம்பு எவ்வளவு பெரிது என்று அவர் கேட்டுக்கொண்டே போவார். பக்கத்திலிருந்து கேளுங்கள், அவன் என்ன பதில் சொல்கிறான் என்று.