‘சூப்பர் மச்சி’ மட்டும் போதாது!

ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல கவிதை எழுதிப் பார்க்காத ஆள் நம்ம ஏரியா காலேஜ்கள்ல ரொம்பக் கம்மி. ராயபுரத்துல பஸ் ஏறி எண்ணூர்ல இறங்குறதுக்குள்ள ரெண்டு கதைக்கான சங்கதி கிடைச்சிடும். பிரச்னை எழுதுறதுல இல்லை. எழுதினதை யார்கிட்ட காட்டுறது?

வீட்ல காட்டினா, ‘அரியர் எத்தனை இருக்கு?’ன்னு கேள்வி வரும். ஃப்ரெண்டுகிட்ட காட்டினா, நாலு வரி பார்த்துட்டு ‘சூப்பர் மச்சி, பின்னிட்ட!’ அவ்ளோதான். நோட்டு பரணுக்குப் போயிடும்.

1968-க்கு ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா? இதே சென்னையில் சா.கந்தசாமி, நா.கிருஷ்ணமூர்த்தி, ம.ராஜாராம், மஹாகணபதி என்று நான்கு நண்பர்கள். பதிப்பாளர் யாராவது கூப்பிடட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாலு பேர் கதைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ‘கோணல்கள்’ என்ற தொகுப்பைத் தாங்களே கொண்டுவந்துவிட்டார்கள். 1970 அக்டோபரில் ஞானக்கூத்தன், ந.முத்துசாமி போன்றவர்களும் சேர்ந்துகொள்ள, ‘கசடதபற’ பத்திரிகை பிறந்தது. தமிழின் ஆறு வல்லின எழுத்துகள்தான் பேரே!

அப்புறம்? ஞானக்கூத்தன் புதுக்கவிதையில் பெரிய பெயர். முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கந்தசாமிக்கு 1998-ல் சாகித்ய அகாடமி விருது. எல்லாம் ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து வந்த ஆட்கள்தான்.

நம்ம ஏரியாவுக்கு இது ஏன் அவசியம்? சினிமாவுல வடசென்னைன்னா கத்தி, கேரம் போர்டு, பின்னாடி ஒரு கானா. கரன் கார்க்கி, பாக்கியம் சங்கர் மாதிரி இந்தப் பக்கத்து வாழ்க்கையை உள்ளே இருந்து எழுதினவங்க வேற முகத்தைக் காட்டினாங்க. ஆனா, பாக்கி நிறைய இருக்கே! கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்த பிறகு, கையால தடவி இறால் பிடிக்கிறவங்க பொழப்பு என்னாச்சு? 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் படிஞ்ச வலையை என்ன பண்ணாங்க? அதே மாசம் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்ச ராத்திரி, தூக்கத்துல எழுந்து ஓடினவங்க கையில எதை எடுத்துக்கிட்டு ஓடினாங்க? செய்தியில இது ரெண்டு நாள்தான் வரும். கதையா எழுதினா நிக்கும். எழுத வேண்டியது அங்கே இருந்தவங்கதான்.

அதுக்கு நாலு பேர் போதும். ஞாயித்துக்கிழமை, மொட்டை மாடி. குரூப்ல பொண்ணுங்களும் இருக்கணும். ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும்னா மூணு மணிக்கே ஆரம்பிங்க. ஒருத்தர் சத்தமா படிக்கணும். மத்தவங்க, மனசுல நின்ன ஒரு வரியை முதல்ல சொல்லணும். அப்புறம், எந்த இடத்துல கவனம் சிதறுச்சுன்னு சொல்லணும். ‘சூப்பர்’, ‘மொக்கை’ ரெண்டு வார்த்தைக்கும் தடா!

காசிமேட்டுல கடலுக்குப் போற வீட்டுப் பையன் ஒருத்தன் உங்க குரூப்ல இருக்கான்னு வைங்க. ‘லாஞ்ச்சில் துடுப்புப் போட்டபடி’ன்னு நீங்க படிக்கும்போதே நிறுத்திடுவான். ‘டேய், இன்ஜின் வெச்ச லாஞ்ச்சுல ஏதுடா துடுப்பு?’ நூறு சூப்பருக்கு அந்த ஒரு கேள்வி சமம். கோபப்படாதீங்க. அவன் உங்க கதையை நிஜமாவே கேட்டிருக்கான்!

குறை சொன்னதோட விட்டுடவும் கூடாது. ‘மாத்தி எழுதி அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வா, காத்திருப்போம்’னு சொல்லணும். நமக்காக மூணு பேர் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சா, பேனா தானா ஓடும்.

பத்துக் கதை சேர்ந்ததும் ஜெராக்ஸ் போட்டு, பின் அடிச்சு ஒரு பத்திரிகையா ஆக்கிடுங்க. பேருக்கா பஞ்சம்? வல்லினம் ஆறையும் அந்த அண்ணன்கள் எடுத்துக்கிட்டாங்க. மெல்லினம், இடையினம் ரெண்டும் அப்படியே பாக்கி இருக்கு பாஸ்!