தோலுக்குக் கரோட்டின் மாத்திரை தேவையா?

ஆரஞ்சு நிற மாத்திரை ஒன்று இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. டப்பாவில் 'கரோட்டினாய்டு' என்று அச்சிட்டிருக்கும். தோல் மினுமினுக்கும், வெயிலில் கறுக்காது, பிள்ளைகளின் தோல் சொரசொரப்பு நீங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் தென்னை விவசாயிகளிடம் பேசப் போயிருந்தபோது ஓர் அம்மாள் அந்த டப்பாவை நீட்டி, "சார், பையனுக்கு முழங்கை, முழங்கால் எல்லாம் முள்ளு முள்ளா இருக்கு. இதைக் கொடுத்தா சரியாகுமா?" என்று கேட்டார். களையெடுப்புக் கூலியில் வாங்கியது. கரோட்டின் என்பது நம் விளைபொருள்களில் உள்ள சத்து. ஆகவே இது டாக்டரிடம் மட்டும் கேட்கவேண்டிய கேள்வி அல்ல, எங்களிடமும் கேட்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலுக்காக இந்த மாத்திரைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. காரணங்களைக் கீழே தருகிறேன்.

கேரட்டின் ஆரஞ்சு, பப்பாளியின் சிவப்பு, ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்தின் மஞ்சள், தக்காளியின் சிவப்பு, கேந்திப் பூவின் மஞ்சள் எல்லாமே கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் வருபவை. கீரையிலும் இவை ஏராளம்; பச்சை நிறம் மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவற்றில் பீட்டா கரோட்டின் உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. தக்காளியில் உள்ள லைக்கோபீனும் கேந்தியில் உள்ள லூட்டீனும் அப்படி மாறுவதில்லை. கேந்தியிலிருந்து எடுக்கும் சாறு கோழித் தீவனத்துக்குப் போகிறது; முட்டையின் மஞ்சள் கரு நிறம் ஏறுகிறது. மனிதனும் கேரட்டை அளவுக்கு மேல் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும். நிறம் ஏறியதைப் பார்த்துத் தோல் ஆரோக்கியம் கூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

தோலுக்கு வைட்டமின் ஏ தேவை என்பது உண்மை. துத்தநாகக் குறை உள்ள நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோம், பயிர் தேறிவிடுகிறது. குறையே இல்லாத வயலில் 20 கிலோ போட்டால் மூட்டை கூடுமா? மாத்திரை விற்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

அந்த அம்மாளின் பையனுக்கு இருந்தது போன்ற முள்ளுத் தோலுக்கு மருத்துவத்தில் 'தேரைத் தோல்' என்று பொருள்படும் பெயர் உண்டு. இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற டாக்டர் 1933-ல் சூட்டிய பெயர் அது. முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் தடித்துச் சிறு முள் போல நிற்கும். வைட்டமின் ஏ குறைவால் வருவது என்று அவர் கருதினார். குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும் ராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1936-ல் வெளியிட்ட கட்டுரையிலும் இந்தத் தோலைப் பற்றிய குறிப்பு உண்டு.

அந்தக் காலத்தில் கரோட்டினுக்கு நல்ல பெயர் வரக் காரணமும் இருந்தது. வைட்டமின் ஏ குறைந்து கருவிழி கெட்டுப்போகும் நோய்க்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்த முடிவை அய்க்ராய்டும், சென்னை கண் ஆஸ்பத்திரியின் டாக்டர் ரைட்டும் 1937-ல் வெளியிட்டார்கள். இது நம் பனைமரம் அல்ல, எண்ணெய்ப் பனை. அதன் எண்ணெய் இயற்கையில் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பு முழுவதும் கரோட்டின்தான். இன்று ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயிலும் அதே மரத்து எண்ணெய்தான். ஆனால் சுத்திகரிக்கும்போது நிறத்தையும் கரோட்டினையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். இருப்பதை எடுத்துவிட்டுப் பிறகு மாத்திரையாக வாங்கச் சொல்கிற காலம் இது!

கண்ணுக்குப் பயன்படும் சத்து தோலுக்கும் பயன்படும் என்றே பலரும் நம்பினார்கள். இரண்டும் சேர்ந்தே வருவதில்லை என்பதுதான் சிக்கல். கண் கெட்ட பிள்ளைகள் பலருக்குத் தோல் வழுவழுப்பாக இருந்தது. முள்ளுத் தோல் உள்ள பலருக்குக் கண்ணில் கோளாறே இல்லை. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் குன்னூரில் இதை ஆராய்ந்தார். உணவில் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் குறைவதையே காரணமாக அவர் 1947-ல் சுட்டிக்காட்டினார். குன்னூர்க் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறிய பிறகும் இந்த ஆராய்ச்சி நிற்கவில்லை. எண்ணெய், பி வைட்டமின்கள், ஈ வைட்டமின் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டா என்று ஆராய்ந்தார்கள். ஒரே சத்தின் தலையில் பழியைப் போட முடியாது, மொத்த உணவே மெலிந்துபோனதன் அடையாளம் இது என்பதுதான் இவற்றிலிருந்து எனக்குப் படுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தால் தோல் தேறலாம். தேற்றியது மாத்திரையா, சாப்பாடா? அதே சாப்பாட்டை மாத்திரை இல்லாமல் இன்னொரு பகுதியினருக்கும் கொடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும். நாம் ஒரு பாத்திக்கு உரம் போட்டு, பக்கத்துப் பாத்தியை உரமில்லாமல் விடுகிறோமே, அதே முறைதான். "எங்கள் தெருவில் ஒருவருக்குக் குணமாச்சு" என்பது ஒப்புப் பாத்தி இல்லாத சோதனை.

பெரியவர்களின் தோல் விஷயத்தில் அப்படி ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்று ஓர் ஊர். நெடுங்காலம் கரும்பாலை ஓடிய ஊர். அங்கே 1992-ல் தொடங்கி 1,621 பேரிடம் நாலரை ஆண்டுகள் சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றவர்களுக்கு அதே உருவில் சத்தில்லாத மாத்திரை. வெயில் தடுப்புக் களிம்பையும் கூடவே சோதித்தார்கள். 1999-ல் முடிவு வந்தது. கரோட்டினால் தோல் புற்றுநோய் குறையவில்லை. தினமும் களிம்பு பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. தோல் சுருங்கி முதிர்வதைப் பற்றி 2013-ல் வந்த முடிவிலும் களிம்புக்குப் பலன் இருந்தது, கரோட்டினுக்கு இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் தினம் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயுடன் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். செயற்கை ஒளி பட்டுத் தோல் சிவப்பது குறைந்தது. நாலு வாரத்தில் வித்தியாசம் இல்லை, பத்தாவது வாரத்தில்தான் தெரிந்தது. 2001-ல் வெளியான இந்தச் சோதனையில் இருந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களும் வெள்ளைத் தோல் உள்ளவர்கள். வத்திராயிருப்பு வெயிலில் நாற்று நடுபவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகமே. நிழல் தரும் துண்டும் முழுக்கைச் சட்டையும் இதைவிட நிச்சயமான பாதுகாப்பு. தக்காளியை எண்ணெயில் வதக்கித் தொக்காக்கிச் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. லைக்கோபீன் பச்சைத் தக்காளியைவிட அப்படிச் சாப்பிடும்போதுதான் நன்றாகச் சேரும்.

பீடி விஷயத்துக்கு வருகிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்த சோதனையில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவில் கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு அது 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பெரிய சோதனையிலும் இதே கதை; 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கீரையிலும் பழத்திலும் உள்ள கரோட்டினுக்கு இந்த ஆபத்து இல்லை. மகனுக்கு வாங்கிய டப்பாவிலிருந்து பீடி பிடிக்கும் அப்பாவும் இரண்டை எடுத்துப் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பையனுக்கு என்ன செய்வது? கொல்லையில் முருங்கை இருக்கும். அதன் கீரையில் கேரட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் பீட்டா கரோட்டின் உண்டு. அகத்தி, தண்டுக்கீரை, கறிவேப்பிலையும் நல்லவை. கீரைக் கரோட்டின் முழுவதும் உடலில் சேர்வதில்லை. சுமார் 12 பங்கு கரோட்டினிலிருந்து ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைப்பதாக இப்போது கணக்கிடுகிறார்கள். நன்கு மசித்து எண்ணெய் சேர்த்துக் கொடுத்தால் சேரும் அளவு கூடும். முருங்கைக் கீரையைப் பொடியாக்கி வைப்பவர்கள் நிழலில் காயவையுங்கள். வெயிலில் கரோட்டின் அழிந்துவிடும்.

எண்ணெயிலும் ஒரு சங்கதி உண்டு. தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம், கடலை எண்ணெயில் சுமார் 30 சதவீதம். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் அளவே. தென்னை விவசாயிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தேய்க்கலாம், தாளிக்கலாம். வளரும் பிள்ளையின் சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இருக்கட்டும். மாத்திரை டப்பாவின் விலை அதற்குப் போதும். பயறு, கடலை, முடிந்தால் முட்டையும் சேருங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கார் இலவசமாகத் தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். இது கரோட்டின் மாத்திரையிலிருந்து வேறுபட்டது. அளவும் தேதியும் குறித்துக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் ஏற்படலாம். முள்ளுத் தோல் இரண்டு மூன்று மாதத்தில் குறையாவிட்டாலும், மாலையில் கண் மங்கினாலும், தோலில் உணர்ச்சி இல்லாத வெளிறிய படை தெரிந்தாலும், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.