டாங்கிள் தொலைஞ்சா மவுஸ் செத்துடுமா?

உங்க ஹாஸ்டல் ரூம் டிராயரை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. டே ஸ்காலரா இருந்தா பேக்கோட அடி ஜிப்பைத் திறங்க. போன வருஷ ஹால் டிக்கெட், மூடி இல்லாத பேனா, ஒரு காது மட்டும் கேக்கிற இயர்போன், இதுக்கெல்லாம் நடுவுல ஒரு வயர்லெஸ் மவுஸ் கிடக்க நிறைய வாய்ப்பு இருக்கு. கேட்டா "அது செத்துப் போச்சு"ன்னு சொல்வீங்க. எப்படிச் செத்ததுன்னு கேட்டா பெரும்பாலும் மூணு பதில்தான் வரும். டாங்கிள் தொலைஞ்சிடுச்சு. ஒரு தடவ கிளிக் பண்ணா ரெண்டு தடவ விழுது. பேட்டரி போட்டாலும் எழுந்திருக்கல.

நான் ஈசிஇ, ஃபைனல் இயர். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த மூணுல எதுவும் ஒரு மவுஸைக் குப்பையில் போடுவதற்கான காரணம் இல்லை. அதைச் செய்த கம்பெனியும், அதைத் திறந்து பார்க்காத நாமும் சேர்ந்துதான் அதைக் குப்பை ஆக்குகிறோம். வேறு யார் இதை ஏத்துக்கிட்டாலும் இன்ஜினியரிங் படிக்கிற நாம ஏத்துக்கக் கூடாது.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். வயர்லெஸ் மவுஸுக்கு நான் எதிரி இல்லை. லேப் பெஞ்சில் லேப்டாப், பிரெட்போர்டு, பவர் சப்ளை, சிஆர்ஓ ப்ரோப் எல்லாம் பின்னிக் கிடக்கும்போது ஒரு வயர் குறைஞ்சாலும் நிம்மதிதான். என் ரூம்மேட் மெக்கானிக்கல். கேட் மாடலை நடு பட்டனை அழுத்தித் திருப்பிப் பார்க்கிற அவனுக்கு டச்பேட் ஒரு தண்டனை. 1964ல் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து, பில் இங்கிலிஷ் மரப்பெட்டிக்குள் செய்து கொடுத்த முதல் மவுஸுக்கு வயர் இருந்தது. அது வால் மாதிரி தெரிந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். அந்த வாலை வெட்டினது நல்ல விஷயம்தான்.

ஆனா வாலை வெட்டிட்டு நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் கொடுத்தாங்க பாருங்க, பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வெச்ச மந்திரவாதி கதை பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. நம்ம மவுஸோட உயிரும் அப்படித்தான், வேற ஒரு இடத்துல இருக்கு.

டாங்கிள் என்ன செய்கிறது? மவுஸுக்குள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. அது அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு முகவரி இருக்கும். டாங்கிள் தன்னோட முகவரிக்கு வர்ற பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கும், மத்ததை விட்டுடும். வகுப்பில் அறுபது பேர் அறுபது மவுஸ் வெச்சிருந்தாலும் உங்க கர்சர் மட்டும் நகர்வது இதனால்தான். அதுவரைக்கும் நல்ல டிசைன்.

விலை குறைந்த பல மாடல்களில் இந்த ஜோடியை ஃபேக்டரியிலேயே சேர்த்து விட்டுவிடுகிறார்கள். மறுபடி பேர் பண்ண பட்டன் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. டாங்கிள் தொலைஞ்ச அன்னிக்கு மவுஸ்ல சென்சார், பட்டன், வீல், பேட்டரி எல்லாமே நல்லா இருக்கும். பேசிக்கிட்டே இருக்கும், கேக்கத்தான் ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், மவுஸைப் பஸ்ஸில் விட்டுட்டு வந்த ஒருத்தனோட லேப்டாப்ல டாங்கிள் மட்டும் செருகிக் கிடக்கும். ரெண்டும் ஒரே மாடல், ஒரே கடையில் வாங்கினது. ஆனா ரெண்டையும் சேர்த்து வைக்க வழி இல்லை.

இதுக்கு எந்த இயற்பியல் விதியும் காரணம் இல்லை. எங்கேயோ ஒரு மீட்டிங்கில் எடுத்த முடிவு. வேற மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கு. லாஜிடெக் 2009ல் யூனிஃபையிங் ரிசீவர் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள் வரை சேர்க்கலாம். தொலைந்தால் வேறு ஒன்று வாங்கி, சாஃப்ட்வேரில் பேர் பண்ணிக்கொள்ளலாம். பிறகு 2021ல் அதே கம்பெனி போல்ட் என்று அடுத்ததைக் கொண்டு வந்தது. ஆனால் யூனிஃபையிங் மவுஸ் போல்ட் டாங்கிளோடு பேசாது. ஒரே வீட்டுக்குள்ளேயே பேச்சு வார்த்தை இல்லைன்னா, வேற வேற கம்பெனிகளைப் பத்திச் சொல்லவே வேண்டாம். புளூடூத் மவுஸுக்கு டாங்கிளே தேவையில்லை. லேப்டாப்பில் புளூடூத் இருந்தால் போதும்.

"அப்படித் திறந்து விட்டா பாதுகாப்பு என்னாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2016ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மவுஸ்ஜாக் என்ற ஓட்டையைக் காட்டினார்கள். பல கம்பெனிகளின் டாங்கிள்களுக்குத் தூரத்திலிருந்தே போலி பாக்கெட் அனுப்பி, கீபோர்டில் டைப் செய்வது போலக் கம்ப்யூட்டரை நம்ப வைக்க முடிந்தது. பல மவுஸ்கள் என்கிரிப்ஷன் இல்லாமல் பேசியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜோடியைப் பிரிக்க முடியாம பூட்டி வைக்கிறது வேற, பேச்சைப் பாதுகாக்கிறது வேற. போல்ட் என்கிரிப்ஷனோடு பேசுகிறது, மறுபடி பேர் பண்ணவும் விடுகிறது. ரெண்டும் சேர்ந்தே முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ரெண்டாவது காரணத்துக்கு வருவோம். டபுள் கிளிக். ஃபோல்டரை செலக்ட் பண்ணப் போனா அது திறந்துக்கும். ஃபைலை இழுத்துட்டுப் போனா பாதி வழியில் விழுந்துடும். விண்டோவை மூடினா பின்னாடி இருக்கிற விண்டோவும் சேர்ந்து மூடிக்கும்.

இது என்னன்னு நமக்குத் தெரியும், ஏன்னா இதைப் படிச்சு மார்க் வாங்கியிருக்கோம். மைக்ரோகன்ட்ரோலர் லேபில் ஸ்விட்சை இன்டர்ஃபேஸ் பண்ணும்போது ஒரு டிலே போடச் சொல்வாங்களே, அதேதான். ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு மோதும்போது ஒரே அடியில் நிற்காது, சில மில்லி செகண்ட் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கும் வரை ஃபர்ம்வேர் காத்திருந்து அதை ஒரே கிளிக்காக எடுத்துக்கொள்ளும். நாளாக ஆக தகட்டின் மேல் அழுக்கும் ஆக்சைடும் படியும், ஸ்ப்ரிங்கும் தளரும். துள்ளல் அந்தக் காத்திருப்பைத் தாண்டிப் போனால் ஒரு கிளிக் ரெண்டாகிவிடும். வைவாவில் "டிபவுன்சிங் என்றால் என்ன?" என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிறோம். அதே டிபவுன்சிங் நம்ம உள்ளங்கையில் ஃபெயில் ஆனா, போனை எடுத்துப் புது மவுஸ் ஆர்டர் பண்றோம். எனக்கு இதுதான் உறுத்துது.

கெட்டுப் போனது மூணு கால் உள்ள ஒரு மைக்ரோ ஸ்விட்ச். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெண்டு டீ காசுக்குள் கிடைக்கும் பொருள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கோ, வழுக்குவதற்காக ஒட்டிய பட்டைகளுக்கோ கீழே ஒளிந்திருக்கும். பழைய ஸ்விட்சை டீசால்டர் செய்து, அதே அளவில் புதியதை வைத்தால் முடிந்தது. புதுசு வாங்க முடியலைன்னா, நாம அதிகம் அழுத்தாத பட்டனோட ஸ்விட்சும் அதே மாடலா இருந்தா, ரெண்டையும் இடம் மாத்தி வைக்கலாம்.

மூணாவது, பேட்டரி. மவுஸை மாசக்கணக்கில் எடுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் ஆல்கலைன் செல் கசிந்து, ஸ்ப்ரிங் மேல் வெள்ளைப் பொடி படியும். அது பொட்டாசியம் சார்ந்த காரப் பொருள், வெறும் கையால் தொடாதீர்கள். பஞ்சில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காய வையுங்கள். ஸ்ப்ரிங் முழுசா அரிச்சுப் போகாம இருந்தா பல மவுஸ் எழுந்திருக்கும். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்தால் இந்த வேலையே இல்லை.

சாகாமலே செத்ததா பேர் வாங்குற மவுஸும் உண்டு. கர்சர் விட்டு விட்டுக் குதிக்கும், மவுஸ் போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. டாங்கிளுக்குப் பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பாருங்க. யூஎஸ்பி 3.0 டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை பரவி, பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் கருவிகளைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012லேயே ஒரு அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். கண்ணாடி மேசையில் கர்சர் ஓடலைன்னாலும் மவுஸைத் திட்டாதீங்க. ஆப்டிகல் சென்சார் மேசையின் மேற்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் எடுத்து ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் அதுக்குப் பிடிமானமே கிடையாது. அடியில் ஒரு ரெக்கார்டு நோட்டை வைங்க, போதும்.

"ஐநூறு ரூபா மவுஸுக்கு ஒரு மணி நேரம் உக்காரணுமா? என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?" இந்தக் கேள்வியை நண்பர்கள் நிறைய பேர் கேட்கிறார்கள். வேலைக்குப் போனவங்க கேட்டா ஒரு அர்த்தம் இருக்கு. நம்மில் பல பேருக்கு ஐநூறு ரூபாய் என்பது வீட்டில் யோசித்துக் கேட்கும் காசு. கல்விக் கடனில் படிக்கிறவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. அதோட, அந்த ஒரு மணி நேரத்தில் நீங்க கத்துக்கிறது சால்டரிங், மல்டிமீட்டர், ஒரு பொருள் எங்க கெடும்னு யோசிக்கிற பழக்கம். இதைத்தானே ரெஸ்யூமேவில் "ஹேண்ட்ஸ் ஆன்" என்று எழுதுகிறோம்?

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. கழிவான பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகள் அவை. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல், சார்ஜ் செய்யும் மவுஸுக்கும் யூஎஸ்பி சி போர்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு போர்ட்டைப் பொதுவாக்கச் சட்டத்தால் முடியும் என்றால், ஒரு டாங்கிளை மறுபடி பேர் பண்ணும் வசதியைக் கட்டாயமாக்கவும் முடியும். கழிவான பிறகு என்ன செய்வது என்பதோடு, அது கழிவே ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் விதி பேச வேண்டும்.

அதுவரைக்கும் நம்ம கையில் இருக்கிறதைச் செய்வோம். வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க. டாங்கிள் தொலைஞ்சா தனியா கிடைக்குமா, இல்லை புளூடூத்தாவது இருக்கா? பேட்டரியை நானே மாத்த முடியுமா? அடியில் ஸ்க்ரூ இருக்கா, இல்லை மொத்தமா ஒட்டி வெச்சிருக்காங்களா? வெச்சிருக்கிற மவுஸுக்கும் டாங்கிளுக்கும் ஒரே கலர்ல ஒரு பொட்டு வைங்க, யாரோடது எதுன்னு குழப்பம் வராது. தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உங்க மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க. சில மாடல்களில் வேற டாங்கிளைச் செருகி ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினா பேர் ஆகிடும். பெட்டியில் மட்டும் அதை எழுத மாட்டாங்க.

நம்ம காலேஜுக்கும் ஒரு கோரிக்கை. ஏப்ரல், மே மாசம் ரூம் காலி பண்ணும்போது ஒவ்வொரு ஹாஸ்டல் பிளாக்கிலும் ஒரு பெட்டி வைங்க. மவுஸ், டாங்கிள், சார்ஜர் எதுவா இருந்தாலும் அதில் போடட்டும். எலக்ட்ரானிக்ஸ் லேபில் மாசம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசையும் நாலு சால்டரிங் அயர்னும் கொடுங்க. உயிர் வந்ததை அடுத்த வருஷ ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குக் கொடுப்போம். உண்மையிலேயே செத்ததை முறையா மறுசுழற்சிக்கு அனுப்புவோம்.

கடைசியா என் பேட்ச்சுக்கு ஒரு வார்த்தை. இன்னும் கொஞ்ச மாசத்தில் நம்மில் சில பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் ஃபர்ம்வேர் எழுதப் போறோம், போர்டு டிசைன் பண்ணப் போறோம். ஒரு நாள் மீட்டிங்கில் யாராவது, "இந்தப் பேரிங் பட்டனை எடுத்துட்டா ஒரு பீஸுக்கு இவ்வளவு மிச்சம்" என்று சொல்வார்கள். ரூமில் இருப்பதிலேயே ஜூனியர் நீங்களாத்தான் இருப்பீங்க. அப்பவும் கையைத் தூக்கி, "டாங்கிள் தொலைஞ்சா வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.