லைசென்ஸ் இல்லாத ரேடியோ... தேடித் தேடிக் கேட்கும் கூட்டம்! சிற்றலையில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு. ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரேடியோவை 6925 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு மணி நேரமாக வெறும் இரைச்சல். திடீரென அதற்குள்ளிருந்து பழைய ராக் பாட்டு ஒன்று எழும்பி வருகிறது. நடுவில் ஒரு குரல் நிலையத்தின் பெயரைச் சொல்கிறது, அதுவும் புனைபெயர். இருபது நிமிடம் ஓடுகிறது. அவ்வளவுதான், மறுபடியும் இரைச்சல்.

அவர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். அன்றைய இரவு அவருக்கு வெற்றி.

போனில் ஒரு தட்டு தட்டினால் அதே பாட்டு சுத்தமாகக் கேட்கும். பிறகு எதற்கு இந்தப் பாடு?

பைரேட்னா யாரு?

பெயர் கடலில் இருந்து வந்தது. 1964 ஈஸ்டர் சமயத்தில் இங்கிலாந்துக் கடற்கரைக்கு வெளியே, பிரிட்டன் சட்டம் எட்டாத இடத்தில் நின்ற கப்பலில் இருந்து ரேடியோ கரோலின் ஒலிபரப்பைத் தொடங்கியது. பி.பி.சி.யில் பாப் பாட்டு அரிதாகக் கிடைத்த காலம். இளைஞர்கள் கப்பல் ரேடியோ பக்கம் சாய்ந்தார்கள். 1967 ஆகஸ்டில் அரசு தனிச் சட்டம் போட்டு இதை முடக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் பி.பி.சி. ரேடியோ 1 பிறந்தது. அதில் பேச உட்கார்ந்தவர்களில் பலர் அதே கப்பல் ரேடியோக்காரர்கள்தான்!

கரோலின் பேசியது மத்திய அலையில். இந்தக் கட்டுரையின் நாயகர்கள் சிற்றலைக்காரர்கள். இவர்களிடம் கப்பல் கிடையாது. வீட்டின் பின்கட்டில் ஒரு டிரான்ஸ்மிட்டர், மரத்தில் கட்டிய ஒரு கம்பி, போதும்.

ரகசிய வானொலி என்றதும் நம் ஊரில் பலருக்கு 1942-ல் உஷா மேத்தா பம்பாயில் நடத்திய காங்கிரஸ் ரேடியோ ஞாபகத்துக்கு வரலாம். அதுவும் சிற்றலைதான், 42.34 மீட்டர். ஆனால் அது விடுதலைப் போராட்டம். இன்றைய பைரேட்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு லட்சியமெல்லாம் இல்லை. பாட்டு, கிண்டல், கொஞ்சம் அரசியல் நையாண்டி. சுருக்கமாக, சும்மா ஒரு ஜாலி. ஹாலோவீன் இரவில் மட்டும் இவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். கேட்பவர்களுக்கு அது தீபாவளி மாதிரி.

ஒரு குண்டு பல்பு அளவு மின்சாரம்

அரசு சிற்றலை நிலையங்களின் சக்தி நூற்றுக்கணக்கான கிலோவாட். பைரேட்களில் பலருக்கு நூறு வாட்டே பெரிய விஷயம், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று எரியத் தேவையான அளவு. இருந்தும் அந்தக் குரல் பல நூறு கிலோமீட்டர், சில இரவுகளில் ஒரு பெருங்கடலையே தாண்டிப் போகிறது. காரணம், சிற்றலை நேராக வானத்துக்குப் போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி பூமிக்கு வருகிறது. சூரியன், பருவம், நேரம் மூன்றும் சேர்ந்துதான் அது எங்கே இறங்கும் என்பதை முடிவு செய்யும். நேற்று கேட்ட நிலையம் இன்று கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பொழுதுபோக்கின் போதையே அதுதான்.

கேட்டவர் அடுத்து ஒரு ரிப்போர்ட் எழுதுவார். எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், என்ன பாட்டு, சிக்னல் எப்படி என்று. சிக்னலின் பலம், குறுக்கீடு, இரைச்சல் என ஐந்து அம்சங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடும் சின்போ என்ற முறையே இருக்கிறது. நிலையத்துக்காரர் பதிலுக்கு ‘கியூ.எஸ்.எல்.’ எனப்படும் அட்டையை அனுப்புவார், ‘ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று. முன்பெல்லாம் தபால் பெட்டி மூலம் வந்தது, இப்போது பெரும்பாலும் ஈமெயிலில். சிலர் ஒலிபரப்பு முடியும்போது படத்தையே ஒலியாக மாற்றி அனுப்புகிறார்கள். கீச்சுக் கீச்சென்று கேட்கும். ரோபோ36 என்ற ஆப்பைத் திறந்து போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், 36 வினாடியில் படம் வரிவரியாக விரியும்.

லட்சம் பேர் கேட்கும் ஸ்ட்ரீமிங்கில் யாரும் இப்படி ‘நீ கேட்டாயா?’ என்று விசாரிப்பதில்லை. இங்கே பத்துப் பேர் கேட்டாலும், பத்துப் பேருக்கும் பதில் வர வாய்ப்பிருக்கிறது.

பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள்

சிற்றலையில் இப்போது நிறைய இடம் காலி. கனடாவின் சர்வதேச வானொலி 2012-ல் சிற்றலையை விட்டது. அதே ஆண்டு நெதர்லாந்தின் சர்வதேச வானொலியும் விடைபெற்றது. பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ல் தன் வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. இரவு ஒன்பதே கால் ஆனால் ரேடியோவைத் திருகிய ஒரு தலைமுறைக்கு அது தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அதிகாரபூர்வக் குரல் போன பிறகும் நெதர்லாந்துதான் ஐரோப்பிய பைரேட்களின் தாய்வீடு. 48 மீட்டர் பேண்டில், 6200 முதல் 6400 கிலோஹெர்ட்ஸ் வரை, ஞாயிறு காலையானால் அவர்கள் ஆஜர்.

பைரேட்டாக இருந்து லைசென்ஸ் வாங்கியவரும் உண்டு. ஆலன் வீனர் 1987-ல் நியூயார்க் அருகே கடலில் கப்பல் நிறுத்தி ரேடியோ நடத்தினார். ஜூலை கடைசியில் அதிகாரிகள் கப்பலில் ஏறி அதை நிறுத்தினார்கள். 1998-ல் அதே வீனர் மெய்ன் மாநிலத்தில் முறையான உரிமத்தோடு சிற்றலை நிலையம் தொடங்கினார். அவர் ஒலிபரப்பிய அலைவரிசை எது தெரியுமா? 7415. ஒரு காலத்தில் அமெரிக்க பைரேட்களின் செல்லமான இடம்! அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு 6955, 6925 என்று நகர்ந்தார்கள்.

20 லட்சம் டாலர் அபராதமா?

2020 ஜனவரியில் அமெரிக்கா ‘பைரேட்’ என்றே பெயர் வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தபோது நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் வரை அபராதம் என்று இருந்தது. படித்ததும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் பைரேட் ஒலிபரப்பு எது என்பதை அலைவரிசை எண்ணோடு வரையறுக்கிறது: 535 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ், 87.7 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். அதாவது மத்திய அலையும் எஃப்.எம்.மும் மட்டும். சிற்றலை அந்த வரையறைக்குள் வரவே இல்லை.

அதனால் சிற்றலையில் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. உரிமம் இல்லாத ஒலிபரப்பு பழைய சட்டப்படி இன்னும் குற்றம்தான். நகரத்து எஃப்.எம். பைரேட், பக்கத்து நிலையத்தின் நேயர்களையும் விளம்பரத்தையும் கெடுக்கிறார். புகாரும் உடனே வருகிறது. நள்ளிரவுச் சிற்றலையில் அப்படிப் புகார் செய்ய ஆள் குறைவு.

ஆனால் ‘யாருக்கும் தொந்தரவு இல்லை’ என்று பைரேட் ரசிகர்கள் சொல்வது கொஞ்சம் ஓவர். ஐரோப்பிய பைரேட்கள் உலவும் அந்த 6200-க்கு மேற்பட்ட பகுதி கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. நடுவில் உள்ள 6215 கிலோஹெர்ட்ஸ், கடலில் ஆபத்தில் சிக்கியவர் உதவி கேட்பதற்கான சர்வதேச அலைவரிசை. அதன் மேல் டிஸ்கோ பாட்டு ஓடினால் அதை ஜாலி என்று சொல்ல முடியாது. அந்த இடத்தைத் தவிர்க்கத் தெரியாதவருக்கு டிரான்ஸ்மிட்டர் எதற்கு?

கேட்பதும் குற்றமா? அமெரிக்காவில் கேட்பதற்குத் தடை இல்லை. பிரிட்டனில் 2006-ம் ஆண்டுச் சட்டம், பொதுவான கேட்புக்கு உரியது அல்லாதவற்றை அனுமதியின்றிக் கேட்பதைக் குற்றமாக்குகிறது. அதனால் அங்கே விஷயம் அவ்வளவு எளிதல்ல.

இப்போதைய தலைவலி

எல்.இ.டி. விளக்கும் மலிவு சார்ஜரும் கிளப்பும் இரைச்சலால் நகரத்து வீடுகளில் சிற்றலை கேட்பது கஷ்டமாகிவிட்டது. அதற்குத் தீர்வாக வந்தவை இணைய ரிசீவர்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரிசீவரை 2008 முதல் உலகில் எங்கிருந்தும் பிரவுசரிலேயே திருகலாம். ‘கிவி எஸ்.டி.ஆர்.’ என்ற சிறு ரிசீவர்களை ஆர்வலர்கள் பல நாடுகளில் நிறுவி, பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். ஒரே சிக்னல் வெவ்வேறு ஊர்களில் உள்ள கிவி ரிசீவர்களுக்கு எத்தனை நுண்நொடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்று ஜி.பி.எஸ். நேரத்தை வைத்துக் கணக்கிட்டால், டிரான்ஸ்மிட்டர் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். அந்த வசதி கிவியிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் அரசு அலுவலர் வேனில் ஆண்டெனா வைத்துச் சுற்றிச் செய்த வேலையை, இன்று ஒரு கல்லூரி மாணவர் மொபைல் டேட்டாவில் செய்யலாம். இடத்தைக் கண்டுபிடித்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது கேட்பவர்கள் மத்தியில் எழுதாத விதி. எல்லோரும் அதை மதிப்பார்கள் என்று எந்த பைரேட்டும் நம்பி உட்கார முடியாது. பத்து நிமிடம் பேசிவிட்டு ஆஃப் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிருந்து கேட்கலாமா?

கேட்கலாம், போன் போதும். அமெரிக்க பைரேட்கள் என்றால், அங்கே சனி இரவு எட்டு மணி நமக்கு ஞாயிறு அதிகாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள கிவி ரிசீவர் ஒன்றைத் திறந்து 6925-ல் வைத்து, அப்பர் சைட்பேண்டிலும் ஏ.எம்.மிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதவர்களுக்கு ட்வென்டே இருக்கிறது. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அங்கே காலை. 6200-ல் இருந்து மேலே மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதலில் இரைச்சல்தான் வரும்.